காணாமல் போனவன் எழுதுவது

அன்பு மகன் சாதிக்குக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை யாரிடம் சொல்லி எழுத வைத்தீர்கள் என்றுதான் நீ முதலில் கேட்பாய். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. கவரின் மேலே இங்கிலீஷில் இருக்கும் உன் முகவரி மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர் எழுதியது. உள்ளே இருப்பது எல்லாம் என் கை. வரிகள் போகப் போகக் கீழே இறங்குவதைப் பார்த்தாலே இது பழகிய கை இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். போன நோன்பு முடிந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை. நன்றாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இன்னும் நன்றாக வரவில்லை. ஆனால் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய், அதனால் வந்த வரைக்கும் வைத்து எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், இந்த ஒரு பத்தி முடிவதற்குள் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். விரல் வலிக்கிறது. ஆனாலும் எழுத்து ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போனில் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேசும்போது எனக்குப் பதில் வருவதில்லை. "அத்தா, ஏன் இப்பிடிப் பண்றீங்க, ஒத்தையா எங்கயாச்சும் போயி விழுந்து கெடந்தா நான் என்ன செய்வேன்" என்று ஆரம்பித்தால் உன் குரல் உடைகிறது. பின்னால் மருமகள் ஏதோ சொல்கிறாள். பேத்தி போனைப் பிடுங்குகிறாள். நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. மறந்துவிட்டது என்று நான் சொன்னால் அதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்கிறாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே எழுதுவது எனக்குப் பிடித்துப் போயிற்று. எனக்கு அலுப்பாக இருக்கிறது, சாதிக். உடம்பு அலுப்பு ஒன்று, அது வயதுக்கு உள்ளது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி வருகிற அலுப்பு வேறு. அதனால் ஒரே தடவையாக, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நீ படித்துவிட்டு முடிவு செய்.

உனக்கு உன் அம்மாவோடு சேவுகம்பட்டிக்குப் போன நாட்கள் ஞாபகம் இருக்கும். அவள் பிறந்த ஊருக்குப் போவதென்றால் உனக்குப் பெருநாள் மாதிரி. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் அம்மா முன்னால் நடப்பாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் வருவேன். நம் தெருவில் எந்த வீட்டிலும் பெண்கள் முன்னால் நடக்க மாட்டார்கள். "பொண்டாட்டி பின்னாலயே போறாரு பாயி" என்று யாரோ சொன்னதை நீ கேட்டுவிட்டு, "ஏன் அத்தா நீங்க பின்னால வர்றீங்க" என்று என்னைக் கேட்டாய். பை கனமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் முன்னால் போனது போர்டு படிக்க. அவள் ஊருக்குப் போகும் வத்தலக்குண்டு வண்டி எது, பழனி வண்டி எது என்று எனக்குத் தெரியாது. அவள் ஏறினால் நான் ஏறுவேன். அவள் இருந்த வரைக்கும் எனக்கு எழுத்து தெரியாதது ஒரு குறையாகவே இல்லை. மாத்திரை டப்பா, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கண்ணால்தான் பார்த்தேன். கையெழுத்துப் போட மட்டும் கற்றுக் கொடுத்தாள். அதை ஒரு படம் வரைவது மாதிரி வரைவேன். நம் தெருவில் யாருக்கும் என் விஷயம் தெரியாது. நானும் டீக்கடையில் மற்றவர்களைப் போலப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் போன பிறகு கல்யாணப் பத்திரிகைகள் வந்து வாசல் ஜன்னலில் சேர்ந்தன. எது யார் வீட்டுக் கல்யாணம், என்றைக்கு என்று தெரியாமல் எதற்கும் போகவில்லை. அம்மா இறந்த துக்கத்தில் வரவில்லை போலும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இருக்கும்போதுதான் ஒரு டீச்சர் பிள்ளை வீடு வீடாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது. "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்மா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். நம் வீட்டில் இருந்ததே நான் ஒருவன். அந்தப் பிள்ளை தெருமுனை திரும்பப் போகும்போது என்னையறியாமல் கையைத் தட்டிக் கூப்பிட்டேன்.

சாயங்கால வகுப்பு. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. வந்தவர்கள் எல்லாம் பெண்கள், ஆம்பிளை நான் ஒருவன்தான். பூக்கட்டி விற்கும் முத்துப்பிள்ளை என்ற ஒரு அம்மா எனக்குப் பக்கத்து பெஞ்சு. நான் புத்தகத்தைக் கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பேன். "கிட்ட வச்சுப் பாருங்க பாயி, எழுத்து ஒண்ணும் கடிக்காது" என்று அது சொல்லும். எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. சின்ன வயதில் மதரஸாவில் அரபு ஓதிய பழக்கம் மட்டும் கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வரியைக் கண்டாலும் கண் நேரே வலது கோடிக்குப் போய் அங்கிருந்து இடது பக்கம் வரும். டீச்சர் பிள்ளை என் விரலைப் பிடித்து இடது பக்கம் கொண்டுவந்து வைக்கும். கண் மட்டும் மறுபடி வலது பக்கம் ஓடிவிடும். இப்போதும் பெரிய போர்டாக இருந்தால் அப்படித்தான். முதலில் கடைசி எழுத்தைப் பிடித்து, அது தப்பு என்று தெரிந்து, திரும்பி வந்து, முதலிலிருந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு அது வார்த்தையாகிறது.

இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். வகுப்பில் புத்தகத்தை முடித்த பிறகு எனக்குப் படிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை. பேப்பர் எழுத்து பொடி, கண் வலிக்கிறது. போர்டு எழுத்து பெரிது. அதனால் தெருவுக்கு வந்தேன். ஒவ்வொரு கடைக்கு முன்னும் நின்று படிப்பேன். சில கடைக்காரர்கள் "என்ன பாய் வேணும்" என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று நகர்ந்து அடுத்த கடை முன் நிற்பேன். ஒரு கிழவன் மூடிக் கிடக்கும் கடைக்கு முன்னால் நின்று மேலே பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

நான் பிறந்தது திண்டுக்கல், வளர்ந்தது திண்டுக்கல். ஆனால் திண்டுக்கல்லை நான் பார்த்ததில்லை, சாதிக். நான் வேலை பார்த்த தோல் ஷாப்பு, வீடு, பள்ளிவாசல், இந்த மூன்றுக்கு நடுவில் இருக்கும் தெருதான் எனக்கு ஊர். வேறு இடத்துக்குப் போனால் வழி கேட்க வேண்டும். வழி கேட்டால், மேலே போர்டு இருக்கிறதே என்று கையைக் காட்டுவார்கள். அதற்குப் பயந்து போகவில்லை. அதோடு என் மேல் வாடை இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் பகல் முழுக்க நின்று பச்சைத் தோலைப் புரட்டுகிறவன் எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போவார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் தனியாகப் பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டேன். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆன பிறகு வாடை போய்விட்டது என்று நினைக்கிறேன். இப்போது பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். சிலர் தோளில் சாய்ந்து தூங்கியும் விடுகிறார்கள். அவர்களை நான் எழுப்புவதில்லை.

அப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் போனேன். மணிக்கூண்டு பக்கம் ஒரு நாள். மலைக்கோட்டைக்கு ஒரு நாள். வீட்டு வாசலிலிருந்து எந்நேரமும் தெரியும் பாறை அது, அதன் அடிவாரத்துக்குக்கூட நான் போனதில்லை. ஏறலாம் என்றுதான் போனேன், முழங்கால் விடவில்லை. கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையை முழுதாகப் படித்துவிட்டுத் திரும்பினேன். சுவரில் கிறுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே ஒருவன் தன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் கிறுக்கியிருந்தான், அதையும் படித்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். மஞ்சள் பலகையில் கறுப்பாக, ஆள் உயரத்துக்குத் திண்டுக்கல் என்று எழுதியிருக்கிறது. நீ ஆயிரம் தடவை பார்த்திருப்பாய். நான் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மூன்று ரயில் வந்து போயிற்று. ஒரு போலீஸ்காரர் வந்து, "யாரையும் ஏத்தி விட வந்தீங்களா?" என்று கேட்டார். "இல்லங்க, ஊர் பேரப் படிக்க வந்தேன்" என்றேன். அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சாச்சா?" என்றார். "ஆச்சு." "அப்ப வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க." நல்ல மனிதர்.

இனி சிறுமலை விஷயம். தோல் காயப் போடும் வெட்டவெளியிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த மலை. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன், சிறுமலை என்று போர்டு போட்ட வண்டி வந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன், வலது கோடிக்குக் கண் போகவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஏறிவிட்டேன். கண்டக்டர் வந்து, "எங்க போகணும் பெருசு?" என்றார். "போர்டுல என்ன போட்டிருக்கோ அங்கதான்" என்றேன். "போர்டுல போட்டிருக்கது எனக்கும் தெரியும், நீங்க எங்க எறங்கணும்?" என்றார். கடைசி வரைக்கும் என்று டிக்கெட் வாங்கினேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் கீழே திண்டுக்கல் தெரிந்தது. நான் இத்தனை வருஷம் நடந்த ஊர் உள்ளங்கையில் வைத்தது போல இருந்தது. மேலே குளிர்ந்த காற்று. ஒரு டீக்கடை, ஒரு ரேஷன் கடை, வாழைத்தார் எடை போடும் இடம். இருந்த போர்டுகள் செத்த நேரத்தில் முடிந்துவிட்டன. ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸில் பொடியாக ஏதோ எழுதியிருந்தது, அதை எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றபோது வந்த வண்டி திரும்பிப் போய்விட்டது. பருப்பு வரவில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் பஸ் குறைச்சல். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து, கடைசியில் வாழைத்தார் ஏற்றிய வேனில் இடம் கேட்டு ஏறினேன். "ஏறுங்க பாய், தார் மேல மட்டும் சாயாதீங்க, பழம் நசுங்கிரும்" என்றான் டிரைவர். இறங்கும்போது ஒரு சீப்பு பழமும் கொடுத்தான்.

நம் தெருமுனையில் இறங்கியபோது பள்ளிவாசல் மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ மவுத்தாகிவிட்டார், மரண அறிவிப்பு போல என்று நின்று கேட்டேன். என் பெயர். வெள்ளைச் சட்டை, பச்சைக் கட்டம் போட்ட கைலி, வயதானவர், புத்தி சுவாதீனம் சற்றுக் குறைவு, பார்த்தவர்கள் உடனே தகவல் சொல்லவும். கையில் வாழைப்பழச் சீப்போடு நின்று கேட்டேன், சாதிக். ஒருவன் உயிரோடு இருக்கும்போதே தன்னைப் பற்றி மைக்கில் கேட்பது நல்ல அனுபவம் இல்லை. வீட்டு வாசலில் கூட்டம். உன் அசன் மாமுதான் நடுவில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

"எங்க மச்சான் போனீங்க?" என்றார்.

"சிறுமலைக்கு."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"யாருமில்ல."

"பெறகு என்னத்துக்குப் போனீங்க?"

"பஸ்ஸுல எழுதியிருந்துச்சு" என்றேன்.

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னேன்ல" என்றார். டீக்கடைக்காரர், "ரெண்டு வாரமா எங்கடைக்கு முன்னால நின்னு தனியாப் பேசிக்கிட்டிருந்தாரு" என்று சாட்சி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், எனக்கு இத்தனை வருஷமாகப் படிக்கத் தெரியாது, இப்போதுதான் படிக்கிறேன் என்று அம்புட்டு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். உன் அம்மா கட்டிக் காத்த மானம் அது. பைத்தியம் என்றே இருக்கட்டும் என்று உள்ளே போய்விட்டேன். மறுநாள் உனக்குப் போன் போயிற்று. ஆக, அன்று நான் தொலைந்து போகவில்லை. எங்கே இருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்த மாதிரி என்றைக்கும் தெரிந்ததில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் கடிதம் எனக்குச் சாதகமாக முடிந்திருக்கும். இதுவரை எழுதியதை டீச்சரிடம் காட்டி ஒற்றெழுத்தைத் திருத்தி வாங்கினேன். இனி வரும் பக்கத்தை அதனிடம் காட்டவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பெங்களூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று போன் செய்த அன்று எனக்குக் கோபம். நான் என்ன தொலைகிற ஆளா என்று முனகிக்கொண்டே, வெஞ்சனத்துக்கு ஏதாவது வாங்கலாம் என்று நாகல் நகர் சந்தைக்குப் போனேன். ஊரைச் சுற்றியதில் எனக்குப் பழகிப்போன இடம்தான் அது. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பாலத்துக்குக் கீழே வரும்போது, வீட்டில் கரண்டு போவது போல ஒன்று நடந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. ஆட்டோக்கள் போகின்றன, ஆட்கள் போகிறார்கள், இது எந்த ஊர் என்று தெரியவில்லை. கையில் இருந்த கத்தரிக்காய்ப் பையைப் பார்த்தேன், இது யாருடையது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் தெரிகிறது, வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரர், "எங்க போகணும் பாய்?" என்று கேட்டார். சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் நிற்கிறேன்.

அப்போது பழக்கத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். எதிரே ஒரு பாத்திரக்கடை போர்டு. வலது கோடியில் ஆரம்பித்து, திரும்பி வந்து, முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன். கடைப் பெயருக்குக் கீழே சின்னதாக நாகல் நகர் என்று இருந்தது. வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதைக் காது கேட்டது. நாகல் நகர். அப்புறம் ஒரு டவுன் பஸ் வந்தது, அதன் நெற்றியில் பேகம்பூர் என்று நம் பேட்டையின் பெயர் இருந்தது. அதையும் சொன்னேன். அந்தப் பெயரைச் சொன்னதும் உள்ளே எங்கேயோ கரண்டு வந்தது. தெரு வந்தது, பள்ளிவாசல் வந்தது, நம் வாசல் வந்தது, உன் அம்மா முகம் வந்தது. அவள் இப்போது இல்லை என்பதும் பின்னாலேயே வந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

ஆக, நீ பயப்படுவது வீண் இல்லை. அன்று யாரும் மைக்கில் சொல்லவில்லை, ஆனால் அன்றுதான் நான் காணாமல் போனேன். இதை நான் மறைத்திருக்கலாம். மறைத்தால் நீ தப்பான கணக்கில் முடிவு செய்வாய். என்னைப் பற்றி முடிவு செய்கிறவனுக்கு முழு விஷயமும் தெரிய வேண்டும்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு பெங்களூரை நினைத்துப் பார்த்தேன். பேத்தி பிறந்தபோது வந்து உன் வீட்டில் தங்கியிருந்தேனே, நினைவிருக்கிறதா. தினமும் கீழே இறங்கி டீக் குடிக்கப் போவேன். அங்கே போர்டு எல்லாம் உருண்டை உருண்டையாகக் கன்னடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இங்கிலீஷில் இருக்கும். அப்போது அது எனக்கு ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. எல்லா ஊர் எழுத்தும் அப்போது எனக்கு ஒன்றுதான். இப்போது அப்படி இல்லை. அங்கே வந்து ஒரு நாள் எனக்குக் கரண்டு போனால், தலையைத் தூக்கி மேலே பார்ப்பேன். மேலே இருப்பது எனக்கு ஒன்றும் சொல்லாது. புரிகிறதா உனக்கு? நீ என்னைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப் போவதாக நினைக்கிறாய். என்னைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிற ஒரே கயிறு இந்த ஊர்ச் சுவர்களில் கட்டியிருக்கிறது. அதை நான் இப்போதுதான் பிடித்திருக்கிறேன், அதுவும் இம்புட்டு வயசில்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் அந்த ஊர் எழுத்து தெரியாது என்று மருமகள் ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள். போனில் படம் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறாய் என்றாள். அப்படியானால் அங்கே நீயும் ஒரு கைநாட்டுதான், அப்பு. ஆபீஸ், வீடு, வெள்ளிக்கிழமை ஜும்மா. எனக்குத் தோல் ஷாப்பு எப்படியோ உனக்கு ஆபீஸ் அப்படி. எனக்காவது எழுத்து தெரியாது, மேலே வாடை இருந்தது. உனக்கு என்ன தடை? நீ குடியிருக்கும் தெருவின் பெயரைப் போர்டில் படிக்க உன்னால் முடியுமா? லீவு கிடைத்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறாய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உன் வீட்டிலிருந்து நாலு தெரு நடந்து போ. பிள்ளைக்கு அந்த எழுத்து பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் அல்லவா, அது முன்னால் நடக்கட்டும், நீ பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போ. யாராவது கேட்டால் பை கனம் என்று சொல்லிக்கொள்.

நான் இங்கே செய்து வைத்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அசன் மாமுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

"அப்ப இம்புட்டு வருசமா டீக்கடையில பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"படம் பாத்தேன்."

"நான் கூட மச்சான் ரொம்ப ஆழமாப் படிக்கிறாருன்னு பேசாம இருந்தேன். எத்தன நாளு ஒரே பக்கத்தப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க, எனக்குக் குடுக்காம."

எழுந்து போகும்போது, "மைக்குல சொன்னது தப்புதான் மச்சான்" என்றார். கொஞ்சம் நின்று, "நாளைக்கு எந்தப் பக்கம்?" என்றார். மறுநாளிலிருந்து கூடவே வருகிறார். அவருக்கு நடக்கப் பிடிக்காது, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வருகிறார். போர்டை அவர் முந்திக்கொண்டு படித்துவிடுகிறார், அது ஒன்றுதான் எனக்கு இடைஞ்சல். பூ மார்க்கெட்டில் முத்துப்பிள்ளை அவரைப் பார்த்து, "பாயி படிக்கட்டும்யா, நீங்க செத்த நேரம் வாய மூடிக்கிட்டு வாங்க" என்று சொன்னது. அதிலிருந்து கொஞ்சம் பொறுமையாக இருக்கிறார். என் சட்டைப் பையில் நம் வீட்டு விலாசத்தை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்குப் போய் மறதிக்கு எந்த டாக்டர், எந்தக் கிழமை பார்க்கிறார் என்று போர்டில் படித்துவிட்டு வந்தேன். நீ வந்ததும் என்னைக் கூட்டிப் போ, டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வோம். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுகிறேன். பெயரை நானே படித்துச் சாப்பிடுவேன்.

வீட்டுக்காரரிடம் வீட்டைக் காலி செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதை மட்டும் நிறுத்திவை. என்றைக்கும் வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நான் களைத்துப் போயிருக்கிறேன், என் தலை என்னை எத்தனை நாளைக்குக் கூட்டிக்கொண்டு நடக்கும் என்று எனக்கே தெரியவில்லை. நம் தெருமுனையில் நீலப் பலகையில் தெருப் பெயர் எழுதியிருக்கிறது அல்லவா. தினமும் காலையில் டீக் குடிக்கப் போகும்போது அதை நான் அசன் மாமுவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. அங்கே மட்டும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. என்றைக்கு என்னால் அதைப் படிக்க முடியவில்லையோ, அன்றைக்கு அவர் உனக்குப் போன் செய்வார். நீ வா. துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லு, ஒரு வார்த்தை மறுக்காமல் உன் பின்னால் வருகிறேன். அன்றைக்குத் திரும்பவும் எல்லா ஊர் எழுத்தும் எனக்கு ஒன்றாகிவிடும். எந்த ஊரில் இருந்தால் என்ன?

வெள்ளிக்கிழமை நீ எப்போதும் போலப் பெங்களூர் வண்டியில் விடியக்காலை வந்துவிடுவாய். நீ படித்த காலத்திலிருந்து எத்தனையோ தடவை உன்னைக் கூப்பிட பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றிருக்கிறேன். ஒவ்வொரு வண்டி உள்ளே திரும்பும்போதும் பக்கத்தில் நிற்பவரிடம், "தம்பி, இது பெங்களூர் வண்டியா?" என்று கேட்பேன். சிலர் பதில் சொல்வார்கள், சிலர் போர்டைக் கை காட்டிவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை தனியாக வரவில்லை, அசன் மாமுவும் கூட வருவார், பயப்படாதே. ஆனால் அவரைத் தள்ளிப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிடுவேன். நீ எந்த வண்டியில் வருகிறாய் என்று போன் போட்டுச் சொல்ல வேண்டாம். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டவும் வேண்டாம். வண்டி மெதுவாகத் திரும்பட்டும். நானே படித்துவிட்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறேன்.

துஆவுடன்,
அத்தா